வன்கொடுமைப் புகாரோடு வரும் அழைப்பு: அலுவலக இணையத் தொலைபேசிகள் எவ்வளவு பாதுகாப்பானவை?

சட்டத்தின் பார்வையில் ஒரு வன்கொடுமை வழக்கு முதல் தகவல் அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. நடைமுறையில் அதற்கு முன்பே ஒரு பதிவு உருவாகிவிடுகிறது. தாக்கப்பட்டவரோ அவருடைய உறவினரோ ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தையோ, சட்ட உதவி மையத்தையோ, உரிமை அமைப்பையோ தொலைபேசியில் அழைக்கிறார். எந்த எண்ணிலிருந்து, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் பேசினார் என்பது அப்போதே எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. காவல் நிலையத்தில் புகார் ஏற்கப்படும் முன்பே, இன்னார் வெளியில் பேசிவிட்டார் என்ற செய்தி ஊருக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடையில் பொருள் மறுக்கப்படும். வயலில் வேலை நின்றுபோகும். சமரசம் பேச ஆட்கள் வருவார்கள். சாட்சி சொல்ல முன்வந்தவர் பின்வாங்குவார்.

1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் வழியாகப் பிரிவு 15-அ சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டோரையும் அவரைச் சார்ந்தோரையும் சாட்சிகளையும் எவ்வித மிரட்டலிலிருந்தும் காப்பது அரசின் கடமை என்கிறது அப்பிரிவு. சாட்சியின் பெயரையும் முகவரியையும் நீதிமன்ற ஆவணங்களில் மறைத்துவைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தன்னார்வ அமைப்புகள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டோரின் உரிமை என்றும் ஏற்கிறது. நீதிமன்றம் மறைத்துவைக்கும் ஒரு பெயர், உதவி செய்ய முன்வந்த அலுவலகத்தின் தொலைபேசியிலிருந்து வெளியே கசியுமானால் அந்த உரிமைக்குப் பொருளில்லை.

இன்று பல அலுவலகங்களின் மேசையில் இருப்பது பழைய செப்புக் கம்பித் தொலைபேசி அன்று. அகலக்கற்றை இணைப்பில் இயங்கும் இணையவழித் தொலைபேசியே பல இடங்களில் இருக்கிறது. ஒரே எண்ணை மூன்று மாவட்டங்களில் இருக்கும் பணியாளர்கள் பகிர்ந்துகொள்ளலாம், ஒருவர் எடுக்காவிட்டால் அழைப்பு அடுத்தவருக்குச் செல்லும், செலவும் குறைவு. சிறிய அமைப்புகளுக்கு இவை பெரிய வசதிகள். ஆனால் இந்தக் கருவியை வாங்கும்போது ஒலித்தெளிவையும் மாதக் கட்டணத்தையும் விசாரிக்கும் நாம், அதன் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பது அரிது. எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும், ஏன் கேட்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குரல் பயணிக்கும் வழி

இணையத் தொலைபேசி நமது குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அந்த எண்கள் பொதுவாக 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம் என்ற கணக்கில், நொடிக்கு 50 பொட்டலங்களாக இணையத்தில் அனுப்பப்படுகின்றன. மறுமுனையில் அவை வரிசையாக்கப்பட்டு மீண்டும் ஒலியாகின்றன.

ஓர் அழைப்பில் இரண்டு தனித்தனிப் போக்குகள் உள்ளன. யார் யாரை அழைக்கிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாயிற்றா, வைத்தாயிற்றா என்பதைச் சொல்லும் சமிக்ஞை ஒன்று. பெரும்பாலான கருவிகளில் இதைச் சுமப்பது 2002இல் இன்றைய வடிவம் பெற்ற எஸ்.ஐ.பி. என்னும் நெறிமுறை. பேச்சைச் சுமக்கும் ஒலிப் பொட்டலங்கள் மற்றொன்று. அவற்றுக்கான நெறிமுறை ஆர்.டி.பி. எனப்படுகிறது.

இவ்விரண்டும் இயல்பு நிலையில் அஞ்சலட்டையைப் போன்றவை. வழியில் கையிலெடுக்கும் எவரும் படிக்கலாம். அலுவலகத்தின் அதே பிணையத்தில் கணினியை இணைத்திருக்கும் ஒருவர், பொட்டலங்களைத் தம் கணினி வழியாகத் திருப்பிக்கொண்டால், வயர்ஷார்க் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு பேச்சை ஒலியாகவே கேட்க முடியும். இதற்குப் பெரிய தொழில்நுட்பப் புலமை தேவையில்லை. பழைய தொலைபேசியை ஒட்டுக் கேட்கக் கம்பத்தில் ஏற வேண்டியிருந்தது. இங்கு விருந்தினருக்கென்று கொடுத்த வைஃபை கடவுச்சொல்லே போதுமானதாகிவிடக்கூடும்.

சிற்றூர்களின் நிலைமையையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். அலுவலகத்துக்கு இணைய இணைப்புத் தருபவர் பெரும்பாலும் உள்ளூர்க் கேபிள் தொழில் நடத்துபவர். அவரோ அவரிடம் வேலை செய்பவரோ, வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உறவினராகவோ சாதிக்காரராகவோ இருப்பது நடக்கக்கூடியதே. பெருநகர நிறுவனங்களுக்காக எழுதப்படும் பாதுகாப்புக் கையேடுகள் தொலைதூரத்தில் இருக்கும் முகமறியாத ஊடுருவியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நமக்கோ, ஆபத்து அடுத்த தெருவிலிருந்தும் வரலாம். ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் இடத்தில் கம்பி யார் கையில் இருக்கிறது என்பதும் ஒரு சாதிக் கேள்விதான்.

இரண்டு பூட்டுகள், ஒரு சாவி

முதலாவதாகக் கேட்க வேண்டிய பாதுகாப்பு வசதி குறியாக்கம். அதாவது, உரியவர் தவிர வேறெவருக்கும் பொருள் விளங்காதபடி செய்தியை மாற்றி அனுப்புவது. சமிக்ஞைக்கு டி.எல்.எஸ். என்ற பூட்டும், பேச்சுக்கு 2004இல் வரையறுக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.பி. என்ற பூட்டும் உண்டு. இன்று விற்கப்படும் மேசைத் தொலைபேசிகளில் பெரும்பாலானவை இரண்டையும் கொண்டவை. ஆனால் பல இடங்களில் இவை அணைக்கப்பட்ட நிலையிலேயே நிறுவப்படுகின்றன. நிறுவ வருபவருக்கு அதில் கூடுதல் வேலை. கேட்காதவருக்கு அவர் செய்வதில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பேச்சுக்கான பூட்டின் சாவி, பரவலாகப் பயன்படும் ஒரு முறையில், சமிக்ஞையின் உள்ளேயே வைத்து அனுப்பப்படுகிறது. சமிக்ஞை பூட்டப்படாமல் இருந்தால், பேச்சைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டது போலாகும். எனவே, "குறியாக்கம் உண்டு" என்று விற்பவர் சொன்னால் நாம் நிறைவடையக் கூடாது. சமிக்ஞை, பேச்சு இரண்டுமே குறியாக்கம் செய்யப்படுகின்றனவா, சான்றிதழைக் கருவி உண்மையிலேயே சரிபார்க்கிறதா, பூட்டு பொருந்தாதபோது அழைப்பு துண்டிக்கப்படுமா அல்லது ஓசையின்றிப் பூட்டில்லாத நிலைக்குத் திரும்பிவிடுமா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் தெளிவான விடை கிடைப்பதில்லை. விடை கிடைக்கும் வரை அந்தக் கருவியை நம்பக் கூடாது.

குறியாக்கத்தின் மீது அளவுகடந்த நம்பிக்கையும் ஆகாது. பேச்சின் ஒலிக்கேற்ப பொட்டலத்தின் அளவை மாற்றிக்கொண்டே இருக்கும் ஒருவகைக் குரல்சுருக்க முறை உண்டு. அத்தகைய அழைப்பு பூட்டப்பட்டிருந்தாலும், பொட்டலங்களின் நீளங்களை மட்டும் பார்த்து அதில் பேசப்பட்ட சில சொற்றொடர்களை அடையாளம் காண முடியும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். மாறாத அளவில் அனுப்பும் ஜி.711 போன்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கசிவு இல்லை.

பூட்டு முடியும் இடம்

அலுவலகத் தொலைபேசியின் குறியாக்கம் பெரும்பாலும் அந்தக் கருவியிலிருந்து பி.பி.எக்ஸ். எனப்படும் அலுவலக இணைப்பகம் வரைதான் செல்லும். இணைப்பகம் பூட்டைத் திறந்து, அழைப்பைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. மறுமுனையில் இருப்பவர் சாதாரணக் கைபேசியில் பேசினால், அந்தப் பகுதி எல்லாக் கைபேசி அழைப்புகளையும் போன்றதே. நமது மேசையில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும், கிராமத்திலிருந்து அழைப்பவரின் கைபேசி வரை நம் பூட்டு நீளாது.

இந்த எல்லையைப் பணியாளர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில், "எங்கள் தொலைபேசி பாதுகாப்பானது, அச்சமின்றிப் பேசுங்கள்" என்று பாதிக்கப்பட்ட ஒருவரிடம் சொல்வது, காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுப்பதாகும். சாட்சி இப்போது தங்கியிருக்கும் இடம், பாதிக்கப்பட்ட பெண்ணின் மருத்துவ விவரம், தலைமறைவாக இருக்கும் காதல் இணையரின் முகவரி ஆகியவற்றைச் சாதாரண அழைப்பில் கேட்காமல் இருப்பதே நல்லது. இரு முனைகளுக்கும் இடையே முழுமையாகக் குறியாக்கம் செய்யும் சிக்னல் போன்ற செயலிக்கு மாறலாம். அது இயலாத இடத்தில் நேரில் சென்று பேசலாம்.

முனைகள் பாதுகாப்பாக இல்லையென்றால் முழுக் குறியாக்கமும் பயனற்றது. கைபேசியையே கைப்பற்றும் பெகாசஸ் உளவு மென்பொருளின் இலக்காக்கப்பட்டதாக 2019இல் தகவல் பெற்றவர்களுள் அறிஞர் ஆனந்த் தெல்தும்ப்டேயும் ஒருவர். அலுவலக எண்ணைத் தங்கள் கைபேசியில் செயலியாக நிறுவி எடுக்கும் பணியாளர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். கைபேசி பலவீனமானால் அலுவலகத் தொலைபேசியும் பலவீனமே.

பேச்சைவிட ஆபத்தானது பதிவு

இக்கட்டுரையில் நாம் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதுதான். பாதிக்கப்பட்டவரைக் காட்டிக்கொடுக்கப் பேச்சை ஒட்டுக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. அவர் அழைத்தார் என்ற செய்தியே போதும்.

ஒவ்வோர் இணைப்பகமும் அழைப்பு விவரப் பதிவு ஒன்றை எழுதிவைக்கிறது. அழைத்த எண், எடுத்த எண், தொடங்கிய நேரம், நீடித்த நேரம் எல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். கட்டணமின்றிக் கிடைக்கும் ஆஸ்டரிஸ்க் போன்ற இணைப்பக மென்பொருள்களில் இது எளிய உரைக் கோப்பாகவே சேமிக்கப்படுவது வழக்கம். மேசைத் தொலைபேசியின் திரையிலும் வந்தவை, போனவை, தவறியவை என்று நீண்ட பட்டியல் இருக்கும். அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரத்தில் அதன் முன் அமரும் எவரும் இரண்டு பொத்தான்களை அழுத்திப் படித்துவிடலாம். குரலஞ்சல் வசதியில் ஒலிக்கோப்புகள் மின்னஞ்சலுக்குத் தானாகவே போகும். அந்த மின்னஞ்சலை எத்தனை பேர் திறக்கிறார்கள் என்பது பெரும்பாலும் கணக்கில் இராது. இணைப்பகத்தை இணையத்திலேயே வாடகைக்கு எடுத்திருந்தால், இவை அனைத்தும் வேறொரு நிறுவனத்தின் கணினியில் இருக்கின்றன.

இவற்றுக்கு அப்பால், தொலைத்தொடர்பு நிறுவனத்திடமும் அதே பதிவு உண்டு. அதைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனையைத் திருத்தியது. உரிய அதிகாரி சட்டப்படி கேட்டால் மட்டுமே அது தரப்பட வேண்டும். ஆனால் 2013இல், அன்றைய மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் அருண் ஜேட்லியின் அழைப்பு விவரங்களைச் சட்டவிரோதமாகப் பெற முயன்ற வழக்கில் தில்லிக் காவலர் ஒருவரும் தனியார் துப்பறிவாளர்களும் கைது செய்யப்பட்டனர். நாடாளுமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவருக்கே இந்த நிலை என்றால், நிலமற்ற ஒரு கூலித் தொழிலாளியின் எண்ணைப் பற்றி விசாரிப்பதற்கு உள்ளூரில் எவ்வளவு தடை இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் இருப்பதை நம்மால் மாற்ற இயலாது. நம் அலுவலகத்தில் இருப்பது நம் கையில் உள்ளது. அழைப்புப் பதிவைப் பார்க்கும் உரிமை இருவருக்கோ மூவருக்கோ மட்டும் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். யார் எப்போது பார்த்தார் என்பதும் பதிவாக வேண்டும். மேசைத் தொலைபேசியின் பட்டியலை முடக்கவோ கடவுச்சொல்லால் பூட்டவோ முடியும். மாதமொரு முறை பழுது பார்க்க வரும் தொழில்நுட்பரிடம் நிர்வாகக் கடவுச்சொல்லை நிரந்தரமாக ஒப்படைப்பது, வழக்குக் கோப்புகள் உள்ள அலமாரியின் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பானது.

திறந்து கிடக்கும் கதவுகள்

தொலைபேசி என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு சிறு கணினி. கணினிக்கு வரும் நோய்கள் எல்லாம் அதற்கும் வரும். 2012இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிஸ்கோ நிறுவனத்தின் மேசைத் தொலைபேசியைக் கைப்பற்றி, ஒலிவாங்கியை இயக்கி, தொலைபேசி வைக்கப்பட்டிருக்கும்போதே அறையின் பேச்சைக் கேட்க முடியும் என்று செய்து காட்டினர். அவர்கள் காட்டிய முறையில், சிறு கருவியொன்றைத் தொலைபேசியில் சிறிது நேரம் செருகினாலே போதும். பாதிக்கப்பட்டோரிடம் வாக்குமூலம் பெறும் அறையில் தொலைபேசியே இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

2019இல் அவாயா நிறுவனத்தின் 9600 வரிசைத் தொலைபேசிகளில், பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டுத் திருத்தமும் வெளியான ஒரு பிழை அப்படியே இருந்தது தெரியவந்தது. பழைய மென்பொருளின் நகல் திருத்தப்படாமலே கருவிக்குள் தங்கிவிட்டிருந்தது. ஆகவே கருவி வாங்கும்போது, அந்த வகைக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று கேட்க வேண்டும். நன்கொடையாகக் கிடைக்கும் பழைய தொலைபேசிகளுக்கு இக்கேள்வி இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

அதே வேளையில் திருத்தமே வஞ்சகமாக மாறிய நிகழ்வும் உண்டு. 2023 மார்ச்சில் 3சிஎக்ஸ் என்ற நிறுவனத்தின் கணினித் தொலைபேசிச் செயலிக்குள் ஊடுருவிகள் தீய நிரலை நுழைத்தனர். நிறுவனத்தின் உண்மையான மின் கையொப்பத்துடனேயே அது வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தது. 2025 ஆகஸ்டில் ஃப்ரீபிபிஎக்ஸ் மென்பொருளில் வெளிப்பட்ட ஒரு பிழையின் வழியாக, நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் திறந்து வைத்திருந்த இணைப்பகங்கள் தாக்கப்பட்டன. இவற்றிலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. நிர்வாகப் பக்கத்தை ஒருபோதும் பொது இணையத்தில் திறந்து வைக்கக் கூடாது. தொலைபேசிகளைக் கணினிகளும் விருந்தினர் வைஃபையும் இருக்கும் பிணையத்திலிருந்து பிரித்து, வி-லேன் என்னும் தனிப் பகுதியில் வைக்க வேண்டும். ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் மற்ற இடத்துக்குப் பரவாமல் இருக்க அது உதவும்.

நாள்தோறும் நடக்கும் தாக்குதல்கள் இவற்றைவிட எளியவை. 100 என்ற உள்ளெண்ணுக்கு 100 என்றே கடவுச்சொல் வைத்திருக்கும் இணைப்பகங்களைத் தேடித் தானியங்கி நிரல்கள் இணையமெங்கும் ஓயாமல் அலைகின்றன. உள்ளே நுழைந்தவர்கள் இரவோடு இரவாக அதிகக் கட்டணமுள்ள வெளிநாட்டு எண்களை அழைத்துப் பணம் பார்க்கிறார்கள். ஒரு வார இறுதியில் வரும் அத்தகைய கட்டணம் ஒரு சிறிய அமைப்பை மூடவைக்கப் போதுமானது. வெளிநாட்டு அழைப்பைத் தடை செய்தல், நாளொன்றுக்குச் செலவு வரம்பு வைத்தல், தவறான கடவுச்சொல்லைப் பலமுறை முயலும் முகவரியைத் தானாகவே தடுத்தல் ஆகிய வசதிகள் கட்டாயம் வேண்டும்.

இன்னுமொரு கதவைப் பலரும் கவனிப்பதில்லை. புதிய தொலைபேசியை இணைத்ததும் அது தன் அமைப்புக் கோப்பைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். பழைய முறையில் அக்கோப்பு பூட்டின்றியே வரும். கடவுச்சொல்லும் அதற்குள் இருக்கும். கோப்பின் பெயராக அமைவது கருவியின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள வன்பொருள் எண். பிணையத்துக்குள் நுழைந்த ஒருவருக்கு அந்த எண் தெரிந்தால் கோப்பும் கிடைக்கும். குறியாக்கம் செய்யப்பட்ட வழியில், சான்றிதழைச் சரிபார்த்த பின்பே இக்கோப்பு தரப்பட வேண்டும் என்று நிறுவுபவரிடம் வலியுறுத்த வேண்டும்.

திரையில் தெரியும் பெயர்

நாம் அழைக்கும்போது மறுமுனையின் திரையில் என்ன தெரிகிறது என்பதும் பாதுகாப்பைச் சேர்ந்ததே. ஒரு குடும்பத்துக்கு ஒரே கைபேசி இருக்கும் வீடுகள் உண்டு. பண்ணையிலோ செங்கல் சூளையிலோ வேலை செய்பவரின் கைபேசியை மேற்பார்வையாளர் வாங்கிப் பார்ப்பதும் உண்டு. அழைப்பவரின் பதிவுப் பெயரைத் திரையில் காட்டும் ஏற்பாட்டை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. மோசடி அழைப்புகளைத் தடுக்க அது உதவக்கூடும். ஆனால் அது செயல்படும் இடத்தில், ஓர் உரிமை அமைப்பின் எண்ணிலிருந்து அழைத்தால் அமைப்பின் பெயரே பாதிக்கப்பட்டவரின் திரையில் ஒளிரும். எந்த எண்ணிலிருந்து, எந்த நேரத்தில் திரும்ப அழைக்க வேண்டும் என்பதை முதல் உரையாடலிலேயே அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது இனி இன்றியமையாதது.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. இணையத் தொலைபேசி வழியாக அழைப்பவரின் எண்ணைப் பொய்யாகக் காட்டுவது எளிது. காவல் நிலையத்தின் எண்ணோ வழக்கறிஞரின் எண்ணோ திரையில் தெரிவதால் மட்டும், பேசுபவர் அவர்தான் என்று கொள்ள முடியாது. சாட்சியின் இருப்பிடத்தைக் கேட்டு வரும் எந்த அழைப்புக்கும், "நாங்களே திரும்ப அழைக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டு, ஏற்கெனவே நம்மிடம் உள்ள எண்ணுக்கு அழைத்து உறுதி செய்வதே சரியான நடைமுறை. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

அரசு கேட்கும்போது

அரசு சட்டப்படி ஒட்டுக் கேட்பதைத் தொலைபேசிக் கருவியின் எந்த வசதியும் தடுக்காது. அது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அளவிலேயே நடைபெறுகிறது. ஆனால் அதற்கும் வரம்புகள் உண்டு. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தொலைபேசி உரையாடலை அந்தரங்க உரிமையின் பகுதியாக ஏற்று, ஒட்டுக் கேட்பதற்கு நெறிமுறைகளை வகுத்தது. 2024 டிசம்பரில் வெளியான புதிய விதிகளின்படியும், இயல்பான சூழலில் ஒன்றிய அல்லது மாநில உள்துறைச் செயலரின் ஆணை வேண்டும். ஓர் ஆணை 60 நாட்களுக்கு மட்டுமே செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாட்களைத் தாண்டக் கூடாது. பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ இல்லாமல், குற்றத்தைக் கண்டறிவதற்காக மட்டும் ஒட்டுக் கேட்க இயலாது என்று 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஒரு காவல் அதிகாரி வாய்மொழியாகக் கேட்டதற்காக அழைப்புப் பதிவைக் கொடுக்கும் கடமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை. எழுத்துவடிவிலான ஆணையைக் கேட்டுப் பெற்று, வழக்கறிஞரைக் கலந்த பின்பே விடையளிக்க வேண்டும்.

அழிப்பதா, காப்பதா?

பதிவு ஆபத்தானது என்றால், எல்லாவற்றையும் அன்றாடம் அழித்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் தலித் உரிமைப் பணியின் தேவை பொதுவான பாதுகாப்பு அறிவுரையிலிருந்து விலகுகிறது.

புகாரைப் பெற மறுப்பதும், நாட்கணக்கில் அலைக்கழிப்பதும், பின்னர் "அப்படி யாரும் வரவேயில்லை" என்று மறுப்பதும் நமக்குப் பழகிப்போன காவல் நிலைய நடைமுறை. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியருக்கு, ஆறு மாதத்துக்குக் குறையாத, ஓராண்டு வரை நீளக்கூடிய சிறைத் தண்டனையை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 4 விதிக்கிறது. சம்பவம் நடந்த இரவிலேயே பாதிக்கப்பட்டவர் உதவி கேட்டு அழைத்தார் என்பதைக் காட்டும் அழைப்புப் பதிவு, புகார் காலந்தாழ்ந்து புனையப்பட்டது என்ற வாதத்துக்கு எதிரான வலுவான சான்றாகும். அலுவலகத்துக்கே வரும் மிரட்டல் அழைப்பின் ஒலிப்பதிவுக்கும் அத்தகைய மதிப்பு உண்டு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் பிரிவு 63, மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்கச் சான்றிதழ் கோருகிறது. கோப்பு மாற்றப்படவில்லை என்பதை உறுதி செய்யும் ஹேஷ் மதிப்பையும் அந்தப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். அலுவலகக் கருவியின் கடிகாரம் தவறாக ஓடினாலோ, யார் வேண்டுமானாலும் பதிவைத் திருத்தக்கூடிய நிலை இருந்தாலோ எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொள்வார். ஆகவே பாதுகாப்பு வசதி என்பது பாதிக்கப்பட்டோரை மறைப்பதற்கு மட்டும் உரியதன்று. அவர் சொன்னது உண்மை என்று நிறுவுவதற்கும் உரியது.

வழி, இரண்டையும் பிரிப்பதே. வழக்காக மாறும் அழைப்புகளின் விவரத்தையும் ஒலிப்பதிவையும் ஹேஷ் மதிப்புடன் படியெடுத்து, குறியாக்கம் செய்த தனிச் சேமிப்பில் வழக்குக் கோப்போடு வைக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்வதானால் அழைப்பவருக்கு முன்பே சொல்லி இசைவு பெற வேண்டும். மற்ற அழைப்புகளின் விவரம், அலுவலகம் எழுத்தில் வகுத்துக்கொண்ட கெடுவுக்குப் பின் தானாக அழிய வேண்டும். வழக்கு ஏதேனும் எழுந்து விசாரணை வரும் எனத் தெரிந்த பிறகு எதையும் அழிக்கக் கூடாது. அது சான்றை அழித்த குற்றமாகிவிடும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

மேலே சொன்னவற்றைச் சில கேள்விகளாகச் சுருக்கித் தருகிறோம். விற்பவரிடமும் நிறுவுபவரிடமும் எழுத்தில் விடை பெறுங்கள்.

1. சமிக்ஞை, பேச்சு இரண்டும் குறியாக்கம் செய்யப்படுகின்றனவா? குறியாக்கம் பொருந்தாதபோது அழைப்பு நின்றுவிடுமா?

2. அழைப்பு விவரமும் ஒலிப்பதிவும் குரலஞ்சலும் எங்கே சேமிக்கப்படுகின்றன? உங்கள் நிறுவனத்தில் யாரெல்லாம் அவற்றைத் திறக்க முடியும்?

3. எத்தனை நாட்களில் அழிக்க வேண்டும் என்பதை நாங்களே முடிவு செய்ய இயலுமா?

4. ஒவ்வொரு பணியாளருக்கும் தனிக் கணக்கும் இரண்டாம் நிலை உறுதிப்படுத்தலும் உண்டா? பணியிலிருந்து விலகியவரின் கணக்கை அன்றே மூட முடியுமா?

5. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் அனைத்தும் மாற்றப்பட்டுவிட்டனவா? அமைப்புக் கோப்பு பூட்டிய வழியில் வருகிறதா?

6. இந்தக் கருவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும்?

7. வெளிநாட்டு அழைப்புக்குத் தடையும் செலவு வரம்பும் உண்டா?

8. ஊடுருவல் நடந்தால் எவ்வளவு நேரத்தில் எங்களுக்குத் தெரிவிப்பீர்கள்?

கடைசிக் கேள்வி மிகவும் முக்கியமானது. ஒரு வணிக நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்தால் இழப்பு பெரும்பாலும் பணத்தோடு முடியும். நமது பட்டியல் கசிந்தால் ஒரு குடும்பம் அன்றிரவே ஊரைவிட்டு வெளியேற நேரலாம். கசிந்தது என்று உடனே தெரிந்தால் மட்டுமே அவர்களை எச்சரிக்க முடியும்.

இக்கேள்விகள் அரசையும் நோக்கியவை. வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. நாடெங்கும் இருந்து வரும் அழைப்புகளின் பதிவுகள் அங்கே குவிகின்றன. அவற்றை யார் பார்க்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள், மாவட்ட அளவில் யாரிடம் அவை செல்கின்றன என்பதைப் பொதுவில் அறிவிக்கும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. பிரிவு 15-அ அரசின் மேல் சுமத்திய பாதுகாப்புக் கடமை காவலரை வாசலில் நிறுத்துவதோடு நின்றுவிடுவதில்லை. அழைப்புப் பதிவேட்டையும் அது உள்ளடக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும், மாவட்ட, மாநிலக் கண்காணிப்புக் குழுக்களின் கூட்டங்களிலும் இதை எழுப்பலாம். அதற்கு முன், நமது அலுவலகத்தின் தொலைபேசியில் நாம் இதைச் செய்து முடித்திருக்க வேண்டும்.